மலை தப்பிச்சிருச்சு... இனி நம்மகிட்ட இருந்தும் தப்பணும்!

பொங்கல் முடிந்து வந்த முதல் ஞாயிறு. காலை ஐந்தே கால் மணி. மதுரை கே.புதூரில் ஒரு வீட்டு வாசலில் பழைய கார் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. பின் சீட்டில் ஒன்பது வயதுப் பையன் போர்வையோடு சுருண்டிருந்தான். அவனுடைய தாத்தா எவர்சில்வர் தூக்குவாளியில் இட்லியும், பெரிய கேனில் தண்ணீரும் எடுத்து வைத்தார். கடைசியாக வந்த சித்தியின் தோளில் ஒரு கறுப்புப் பை.

"பையில என்னத்தா?"

"கேமராப்பா."

முழுப் பொய்யில்லை. சென்னையில் உடன் வேலை பார்க்கும் நண்பரிடம் இரவல் வாங்கி வந்த ட்ரோன் அதற்குள் இருந்தது. அதிலும் கேமரா இருக்கத்தானே செய்கிறது?

போன கோடையில் பையனுக்குக் கொடைக்கானல் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்பது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது. கடைசி நேரத்தில் இவர்கள் தேடிய சனிக்கிழமைக்குப் பாஸ் கிடைக்கவில்லை. பையன் அழுதான். அப்போது தாத்தா சொன்னதுதான் இந்தப் பயணம். "மலை பாக்கணும், அவ்வளவுதானடா? தை பொறக்கட்டும். நம்ம மலைக்கே கூட்டிட்டுப் போறேன்."

நம்ம மலை என்று அவர் சொன்னது அரிட்டாபட்டியை.

ஊரெல்லாம் ஓட்டியவர், சொந்த மலை ஏறாதவர்

அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியதில் பாதிக்கு மேல் மதுரை - குமுளி வழித்தடம். தேக்கடிக்குப் படகு பார்க்கப் போகிறவர்களையும், மூணாறுக்குத் தேனிலவு போகிறவர்களையும் ஏற்றி இறக்கியே ஆயுசு போனது. மேலூர்ப் பக்கம் பிறந்தவர். சின்ன வயதில் ஆடு மேய்க்கிற பையன்களோடு அரிட்டாபட்டி மலையடிவாரத்தில் சுற்றியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு தடவைகூட அந்தப் பக்கம் ஏறவில்லை.

"அது எங்க போயிரப் போகுதுன்னு விட்டுட்டேன்" என்பார். 2024 கடைசியில்தான், அது போய்விடவும் கூடும் என்று தெரிந்தது.

மகளுக்கு இருபத்தாறு வயது. சென்னையில் ஐ.டி வேலை. மதுரையில் கல்லூரி படித்தபோது இரண்டு முறை 'பசுமை நடை'யோடு போயிருக்கிறாள். எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த அமைப்பு அது. 2010-ல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு எழுந்து, ஊர் மக்கள் எதிர்த்தபோது அந்த மலையைப் பார்க்கப் போன நடையிலிருந்து பிறந்தது. விடியற்காலையில் கூடுவார்கள். ஒரு குன்றுக்கு நடந்து போவார்கள். தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் போன்றவர்கள் கல்வெட்டையும் சிற்பத்தையும் விளக்கிச் சொல்வார்கள். எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள்.

கார் ஒத்தக்கடையைத் தாண்டியபோது வெளுக்கத் தொடங்கியிருந்தது. இடது பக்கம் யானைமலை, நிஜமாகவே ஒரு யானை காலை மடக்கிப் படுத்த மாதிரி. "தாத்தா, தும்பிக்கை!" என்று பையன் எழுந்து உட்கார்ந்தான். அந்த மலையடியில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைந்த கோயில் 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது என்று சித்தி சொன்னாள். பையனுக்குத் தும்பிக்கையே போதுமானதாக இருந்தது.

"இந்த மலைய வெட்டிருவாங்களா சித்தி?"

"இதை வெட்டல. ஆனா மேலூர்ப் பக்கம் எத்தனையோ குன்று இப்ப இல்ல."

அது பொய்யில்லை. மேலூர் வட்டாரத்தின் கிரானைட் குவாரிகளைப் பற்றி, 2012-ல் மதுரை கலெக்டராக இருந்த சகாயம் அரசுக்கு அறிக்கை அனுப்பிய பிறகுதான் வெளியுலகுக்கு முழுசாகத் தெரிந்தது. அரிட்டாபட்டி மலைக்கும் குவாரிக்காரர்கள் வந்தார்கள். ஊர் மக்கள் கூடி எதிர்த்து நிறுத்தினார்கள். அதனால்தான் அது இன்னும் நிற்கிறது.

நாற்பது விநாடி வீடியோ

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மேலூர் போகும் நான்கு வழிச்சாலையிலிருந்து இடதுபுறம் பிரிந்து உள்ளே போனால், வயலும் கண்மாயும் கடந்து குன்றுகள் வரிசையாக எழுந்து நிற்கும்.

2022 நவம்பரில் தமிழக அரசு இந்த இடத்தை, 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பர்யத் தலமாக அறிவித்தது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் என இரண்டு கிராமங்களிலுமாக 193.215 ஹெக்டேர். 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அந்த அறிவிப்பு கணக்குச் சொல்கிறது. சுமார் 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு என மூன்று முக்கியமான வேட்டைப் பறவைகள். கூடவே எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு.

இரண்டே வருடத்தில் டங்ஸ்டன் வந்தது. 2024 நவம்பர் 7-ம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கான ஏலத்தில் தேர்வான தனியார் நிறுவனத்தை மத்திய அரசு அறிவித்தது. மொத்தம் 2,015.51 ஹெக்டேர். அதற்குள் இந்த 193 ஹெக்டேரும் அடக்கம்.

அந்த நாள்களில்தான் மகள் ஒரு ரீல் போட்டாள். கல்லூரிக் காலத்தில் எடுத்த படங்களையும், ஊரிலிருந்து அத்தை மகன் அனுப்பிய வீடியோத் துண்டுகளையும் சேர்த்து நாற்பது விநாடி. சென்னையில் வாடகை வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து குரல் கொடுத்தாள். அதுவரை அவள் போட்ட எதையும் ஐந்நூறு பேருக்கு மேல் பார்த்ததில்லை. இதைப் பல ஆயிரம் பேர் பார்த்தார்கள்.

டிசம்பர் 9-ம் தேதி சட்டசபை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலமாக வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அரிட்டாபட்டி அத்தையும் நடந்தார். ஜனவரி 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அன்று இரவு மகள் இன்னொரு ரீல் போட்டாள். இந்த முறை போராட்டம் இல்லை, சந்தோஷம் மட்டும். 'மதுரைக்குப் பக்கத்துல இப்படி ஒரு இடமா! வீக் எண்டுக்கு ப்ளான் பண்ணுங்க மக்களே' என்று எழுதி, கூகுள் மேப் குறியையும் சேர்த்தாள். சுனை எங்கே, வண்டி எங்கே நிறுத்தலாம், சூரியன் உதிப்பதை எந்தப் பாறையிலிருந்து பார்க்கலாம் என எல்லாமே அதில் இருந்தது. முதல் ரீலைவிட இதற்கு மூன்று மடங்கு பேர்.

அந்த மூன்று மடங்கைத்தான் அவள் இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கப் போகிறாள். அது அவளுக்குத் தெரியாது. புதிதாக ஒரு ட்ரோன் ஷாட் எடுத்து, ரத்தான நாளின் ஆண்டு நினைவுக்குப் போட வேண்டும் என்பதுதான் அவளுடைய திட்டம்.

அத்தை வீட்டுத் திண்ணையில்

அத்தை வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே! இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்று வாளியைக் கீழே வைத்தார். கருப்பட்டிக் காபி வந்தது.

திண்ணை ஓரத்தில் ஓர் ஆடு நொண்டிக்கொண்டு நின்றது. முன்னங்காலில் துணிக்கட்டு. பையன் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"என்ன ஆச்சு பாட்டி இதுக்கு?"

"பாட்டில் குத்திருச்சுய்யா. சுனைக்குத் தண்ணி குடிக்கப் போச்சு. ஒடச்சுப் போட்டுட்டுப் போயிருக்கானுங்க."

யார் என்று மகள் கேட்டாள்.

"யாருன்னு கண்டேன்? சனி, ஞாயிறுன்னா வண்டி வண்டியா வாறாங்க. நல்லவங்களும் வாறாங்க, இல்லேன்னு சொல்லல. பாட்டுப் பொட்டி வச்சுக்கிட்டு வாறவனும் இருக்கான். ஏதோ போன்ல வந்துச்சாம், அதப் பாத்துட்டு வாறோம்னு சொல்றாங்க."

மகள் காபி டம்ளரைப் பார்த்தாள். அப்பா மகளைப் பார்த்தார். அவர் ரீல் எல்லாம் பார்க்கிறவர்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அத்தைக்கு அந்த ரீல் யாருடையது என்று தெரியாது. அவர் கோபமாகவும் பேசவில்லை. "மலைய வெட்ட வந்தவனை எதுத்து ரோட்டுல உக்காந்தோம். ரசிக்க வாறவனை என்ன சொல்லி எதுக்குறது, சொல்லுங்கண்ணே?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பேரு எழுதுனா தப்பா?

மலையடிவாரத்துக்கு அத்தையின் மகன் கூட வந்தான். பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயில் முதலில். 7, 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். வாசலுக்குப் பக்கத்தில் பிள்ளையார் ஒருபுறம், லகுலீசர் ஒருபுறம். பாசுபத சைவத்தின் குருவாகக் கருதப்படும் லகுலீசருக்குத் தமிழ்நாட்டில் சிற்பங்கள் அபூர்வம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அங்கிருந்து கழிஞ்சமலைப் பக்கம். பாறையில் புடைப்புச் சிற்பமாகச் சமணத் தீர்த்தங்கரர். இன்னும் மேலே இயற்கையான குகைத்தளம். அதன் நெற்றியில் 2,000 வருடங்களுக்கு முந்தைய தமிழி எழுத்துகள். நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் சமணத் துறவிகளுக்காக இந்தக் குகையைச் செய்து கொடுத்தார் என்பது அதில் உள்ள செய்தி. பக்கத்தில் இருக்கும் மாங்குளம், மீனாட்சிபுரம் மலையில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பேரையே சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. 1882-ல் ராபர்ட் சிவெல் கண்டெடுத்தது. இதெல்லாம் கல்லூரிக் காலத்தில் மரத்தடியில் உட்கார்ந்து கேட்டது. மகள் நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள்.

பையன் பாறையை விரலால் தொடப் போனான். "தொடாதடா, கண்ணால பாரு" என்றாள். அவன் கொஞ்சம் தள்ளிப் போய் வேறொரு பாறையைக் காட்டினான். அங்கே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பையன் பேரும் ஒரு பெண் பேரும், நடுவில் இதயமும்.

"சித்தி, இவங்களும் பாறையில பேரு எழுதியிருக்காங்க. அவங்களும் பேரு எழுதியிருக்காங்க. அது மட்டும் எப்படி நல்லது, இது எப்படிக் கெட்டது?"

மகளுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தொல்லியல் சட்டம், பழைமை, வரலாறு என்று ஏதோ ஆரம்பித்தாள். ஒன்பது வயதுக்கு அதில் எதுவும் ஏறவில்லை. அப்பாதான் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"அவரு அடுத்தவன் படுக்குறதுக்கு இடம் செஞ்சு குடுத்தாரு. செஞ்சது யாருன்னு எழுதி வச்சாரு. இவன் என்னத்தச் செஞ்சான்? வந்தான், எழுதுனான், போனான். குடுத்தவன் பேரு எழுதலாம்டா. சும்மா வந்துட்டுப் போறவன் எழுதக் கூடாது."

பையன் யோசித்தான். "அப்ப நாம என்ன குடுக்கப் போறோம் தாத்தா?"

அதற்கு அவரும் பதில் சொல்லவில்லை. பையனின் தலையைத் தடவிவிட்டு எழுந்தார்.

வல்லூறு வீடு

மகள் கறுப்புப் பையைத் திறந்தது மணி ஏழரைக்கு. வெயில் பாறையின் ஒரு பக்கத்தைச் சிவப்பாக்கியிருந்தது. கீழே கண்மாயில் தண்ணீர், தண்ணீரில் நாரைகள். அப்படி ஒரு வெளிச்சம் மறுபடி கிடைக்காது. ட்ரோனை எடுத்துப் பாறையில் வைத்தாள்.

அத்தை மகன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். "மதினி, தப்பா எடுத்துக்காதீக. அந்தா அந்தச் செங்குத்துப் பாறை தெரியுதா? அங்க வல்லூறு இருக்கு. தையும் மாசியும் அது முட்டையிட்டு அடைகாக்குற நேரம். போன மாசம் ஒருத்தர் இத மாதிரி ஒண்ணைப் பறக்க விட்டாரு. ரெண்டும் கத்திக்கிட்டே சுத்துச்சு. ரொம்ப நேரம் பாறைக்குத் திரும்பவே இல்ல."

ஷாஹீன் வல்லூறு மற்ற பறவைகளைப் போலக் கூடு கட்டுவதில்லை. செங்குத்துப் பாறையில் கையளவு விளிம்பு கிடைத்தால் போதும், அங்கேயே முட்டையிட்டுவிடும். உலகம் முழுக்கப் பெயர் பெற்ற பைரி இனத்தின் தென்னாட்டுக் கிளை. இரையை நோக்கிக் கீழே பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம் அந்த இனத்துக்கு உண்டு. அப்படிப்பட்ட பறவைக்கும் அடைகாக்கும் நேரத்தில் ஒரு பலவீனம். எதிரி என்று எதையாவது நினைத்து எழுந்து போய்விட்டால், பாறைச் சூட்டில் முட்டை கெட்டுவிடும். காக்கையும் எடுத்துப்போகும். தலைக்கு மேலே சத்தத்தோடு வட்டமிடும் எந்தப் பொருளும் வல்லூறுக்கு இன்னொரு வேட்டைப் பறவைதான்.

மகள் ரிமோட்டைக் கையில் வைத்திருந்தாள். ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். தூரமாகவே பறக்கவிடலாம். அவள் மனதுக்குள் ஓடியதை அப்பா கண்டுபிடித்த மாதிரிப் பேசினார். அவர் பேசியது வல்லூறைப் பற்றி அல்ல.

"குமுளி வண்டி ஓட்டுறப்ப ஒருத்தரு அடிக்கடி ஏறுவாரு. காட்டுல லவங்கப்பட்டை உரிச்சு விக்கிறதுதான் அவரு தொழிலு. ரெண்டு தடவை உள்ள போயிருக்காரு. பொறவு ஒருநாள் காக்கி மாதிரி சட்டை போட்டு ஏறுனாரு. என்னய்யா இதுன்னு கேட்டேன். ஃபாரஸ்ட்ல கைடு வேலை குடுத்துருக்காங்க, காட்டைக் காட்டுறதுக்குச் சம்பளம்னாரு. திருடுனவன்கிட்டயே சாவியைக் குடுத்துட்டாங்கடான்னு அன்னைக்கு டெப்போவே சிரிச்சுச்சு. ஆனா பாரு, அதுக்கப்புறம் அவரு மரம் உரிக்கல. காடு இருந்தாத்தானே அவருக்குச் சோறு?"

பெரியாறு புலிகள் காப்பகத்தின் கதை அது. 1990-களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, பட்டை உரித்துக் கடத்தியவர்களையும் வேட்டைக்காரர்களையும் குழுவாகச் சேர்த்து, சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காட்டுக்குக் காவலர்களாகவும் ஆக்கினார்கள். காட்டின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். இந்தியாவில் சூழல் சுற்றுலாவைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்வது தேக்கடியைத்தான்.

"வாறவனால இந்த ஊருக்கு என்ன கெடைக்குதுன்னு நெனச்சுப் பாத்தேன்" என்று தொடர்ந்தார் அப்பா. "தண்ணி பாட்டில மதுரையில வாங்குறான். பிரியாணிய மேலூர்ல வாங்குறான். குப்பைய மட்டும் இங்க போடுறான். உங்க அத்தை கேட்டது சரிதானத்தா."

அவர் குரலில் கண்டிப்பு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல் சொன்னார். "மலை தப்பிச்சிருச்சு. இனி நம்மகிட்ட இருந்தும் தப்பணும்."

'நம்மகிட்ட' என்று அவர் சொன்னது மகளுக்கு உறைத்தது. 'உன்கிட்ட' என்று சொல்லியிருந்தால் வாதாடியிருப்பாள். என் ரீலால்தான் இத்தனை பேருக்குத் தெரிந்தது, தெரிந்ததால்தான் காப்பாற்ற முடிந்தது என்று சொல்லியிருப்பாள். அதில் உண்மையும் இருக்கிறது. யாருக்கும் தெரியாத மலையைச் சத்தமில்லாமல் வெட்டிவிடலாம். எல்லோருக்கும் தெரிந்த மலை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும்.

அவள் ட்ரோனைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். கொஞ்ச நேரத்தில், செங்குத்துப் பாறையின் பக்கமிருந்து ஒரு கறுப்புப் புள்ளி கிளம்பி, கண்மாய்க்கு மேலே போய், வளைந்து, திரும்ப வந்து பாறையிலேயே மறைந்தது. பையன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். வீடியோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

வெடி வைக்காத ஊர்

இறங்கும் வழியில் அப்பா இன்னொரு கதை சொன்னார். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி. மதுரையிலிருந்து போக ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. பறவைகள் வந்து தங்கும் காலத்தில் தீபாவளி வருகிறது என்பதால், அந்த ஊரில் பல வருடங்களாகப் பட்டாசு வெடிப்பதில்லை.

"எங்கள மாதிரிப் பசங்களுமா வெடிக்க மாட்டாங்க?"

"ஒருத்தனும் வெடிக்க மாட்டான். விருந்தாளி வீட்டுல இருக்கப்போ சத்தம் போடுவோமாடா?"

பையனுக்கு அது புரிந்தது. பிறகு அவனே ஒரு சந்தேகம் கேட்டான். "அங்க பறவை விருந்தாளி. இங்க நாமதானே தாத்தா விருந்தாளி?"

சுனைப் பக்கம் வந்தபோது அத்தை மகன் கையிலிருந்த உரச் சாக்கை விரித்தான். வாரம் ஒருமுறை ஊர்ப் பையன்கள் வந்து பொறுக்குவது வழக்கம் என்றான். மகளும் குனிந்தாள். அப்பா இடுப்பில் துண்டைக் கட்டினார். பையனைக் கண்ணாடிப் பக்கம் விடவில்லை. அவன் சிப்ஸ் கவர், பிளாஸ்டிக் டம்ளர் பொறுப்பு. முக்கால் மணி நேரத்தில் சாக்கு பாதிக்கு மேல் நிறைந்தது.

தெளிந்த தண்ணீர். அடியில் மணல் தெரிந்தது. மழை இந்தப் பாறைகளில் விழுந்து, வழிந்து, சுனையில் நின்று, மீதி கண்மாய்க்குப் போகிறது. கண்மாயிலிருந்து வயலுக்குப் போகிறது. குன்று என்பது இந்த ஊருக்கு வெறும் காட்சி அல்ல. வானத்திலிருந்து வரும் தண்ணீரை வாங்கி ஊருக்குக் கொடுக்கிற கூரை. சுரங்கம் வேண்டாம் என்று ஊரே தெருவில் உட்கார்ந்ததற்கு வல்லூறும் கல்வெட்டும் காரணம். அதைவிடப் பெரிய காரணம் இந்தத் தண்ணீர். இதை மகள் ரீலில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

திண்ணையில் எழுதிய ஏழு வரி

அத்தை வீட்டுத் திண்ணையில் இட்லித் தூக்கு திறக்கப்பட்டது. அத்தை தன் பங்குக்கு மொச்சைக் குழம்பு கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டு முடித்து, மகள் செல்போனை எடுத்தாள்.

"அத்தே, ஒண்ணு சொல்லணும். அந்த ஆள்க எல்லாம் பாத்துட்டு வந்தோம்னு சொன்ன வீடியோல ஒண்ணு நான் போட்டது."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "போடு பாப்போம்" என்றார். முழுசாகப் பார்த்தார். "நல்லாத்தான் எடுத்திருக்க. நம்ம ஊரு இம்புட்டு அழகா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு குறைந்தது. "சுனையைக் காட்டாம இருந்திருக்கலாம்ல?"

"அழிச்சிரவா?"

அத்தை உடனே வேண்டாம் என்றார். "அழிச்சா மறந்துருவாங்க. நாளைக்கே இன்னொருத்தன் வேற பேரச் சொல்லிக்கிட்டு வந்தா யாரு கேப்பா? வரச் சொல்லு. எப்படி வரணும்னும் சேத்துச் சொல்லு."

பழைய ரீலிலிருந்து மேப் குறியை நீக்கினாள். சுனை வரும் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி பதிவேற்றினாள். 'ப்ளான் பண்ணுங்க மக்களே' இருந்த இடத்தில் புதிதாக எழுதினாள். அத்தை சொல்லச் சொல்ல, அத்தை மகன் திருத்தத் திருத்த, ஏழு வரி வந்தது.

விடியக்காலை வாங்க, வெயிலுக்கு முன்னால கிளம்பிருங்க.

ஊருக்குள்ள சொல்லிட்டு, ஊர்க்காரர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு ஏறுங்க. அவர் நேரத்துக்குக் காசு கொடுங்க.

டீயும் சாப்பாடும் இந்த ஊர்லயே வாங்குங்க.

பாட்டு வேண்டாம், ட்ரோன் வேண்டாம். தை, மாசியில வல்லூறு அடைகாக்குது.

சுனையில குளிக்காதீங்க. ஆடு, மாடு, குருவி குடிக்கிற தண்ணி.

கல்வெட்டைத் தொடாதீங்க. உங்க பேரை எழுதாதீங்க.

கொண்டுவந்ததை எல்லாம் திருப்பிக் கொண்டுபோங்க.

பழைய ரீல் எத்தனையோ பேருடைய போனில் பதிவாகிவிட்டது. அதைத் திரும்பப் பெற முடியாது. புதியதை அத்தனை பேர் பார்க்கவும் போவதில்லை. அன்று மதியம் வரை அதற்கு வந்த லைக்குகள் நூற்றுப் பன்னிரண்டு. மகள் அதை இரண்டு முறைக்கு மேல் எடுத்துப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது பாதிச் சாக்கைக் கார் டிக்கியில் ஏற்றினார்கள். மதுரை மாநகராட்சிக் குப்பை வண்டியில் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார் அப்பா. ஆட்டுக்கு மருந்து வாங்க மகள் கொடுத்த பணத்தை அத்தை வாங்க மறுத்தார். பையன் போய் ஆட்டின் நெற்றியைத் தடவி, "அடுத்த தடவை வர்றப்ப ஓடுவியா?" என்று கேட்டான்.

கார் நான்கு வழிச்சாலையில் ஏறியதும் அவன் முன் சீட்டுக்கு நடுவே தலையை நீட்டினான்.

"தாத்தா, கொடைக்கானலுக்கும் குப்பைச் சாக்கு எடுத்துட்டுப் போவோமா?"

"போவோம். அதுக்கு முன்னால பாஸ் எடுக்கணும்டா" என்றார் தாத்தா.